சொத்தே சாட்சியான வழக்கு: கீழவெண்மணி, 1968

1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில் தீர்ப்பு சொன்னது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்த வழக்கு அது. செத்தவர்கள் எல்லாரும் நிலமற்ற விவசாயக் கூலிகளின் குடும்பத்தார், தலித் மக்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்த வட்டாரத்து மிராசுதார்கள், பெருநிலக்காரர்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களையும் சேர்த்து எல்லாரையும் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இது: இவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள், ஏராளமாக நிலம் வைத்திருப்பவர்கள், முதல் எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவர்) கார் இருக்கிறது, பழிதீர்க்கும் ஆத்திரம் எவ்வளவு இருந்தாலும் இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் துணைகூட இல்லாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. நிலபுலம் உள்ளவர்கள் பின்னால் இருந்துகொண்டு ஆட்களை ஏவத்தான் பார்ப்பார்கள், பசியில் துணிந்துவிட்ட கூலிக்காரர்களைப்போல நேரில் இறங்க மாட்டார்கள் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

வெண்மணியைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அந்த இரவோடு நின்றுவிடுகிறது. எனக்கு அந்த இரவைவிடவும் இந்தக் காரணம்தான் விடாமல் மனதை அரிக்கிறது. ஒருவரிடம் சொத்து இருப்பதே அவர் குற்றம் செய்திருக்க மாட்டார் என்பதற்குச் சாட்சியாக ஒரு நீதிமன்றத்தில் நின்றிருக்கிறது. அந்த வாதம் தீர்ப்பு எழுதிய அன்று திடீரென்று முளைத்ததல்ல. நெல் அளந்த களத்திலும், குடியிருந்த மனையிலும், தாசில்தார் கச்சேரியிலும், காவல் நிலையத்திலும் அதே நினைப்புதான் வெகுகாலமாக ஆண்டுகொண்டிருந்தது.

களம்

கீழவெண்மணி அன்று பிரிக்கப்படாத தஞ்சை மாவட்டத்தில் நாகை தாலுகாவைச் சேர்ந்தது. இன்று நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் வட்டம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைச் சீமை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நடுவே தென்னந்தோப்பு, கோயில் கோபுரம், ஊர்த்தெரு. வயல்களுக்கு அப்பால் சேரி.

நிலம் சிலர் கையில் குவிந்திருந்தது. வடபாதிமங்கலம், குன்னியூர் போன்ற பண்ணைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஏக்கர் இருந்தன. கோயில்களும் மடங்களும் வைத்திருந்தது வேறு. அந்த வயல்களில் உழுது, நட்டு, களை பறித்து, அறுத்தவர்கள் பண்ணையாட்கள். பண்ணையாள் என்றால் தினக்கூலி இல்லை. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடனுக்காக ஒரு குடும்பமே ஒரு பண்ணையோடு கட்டப்பட்டிருக்கும். அப்பன் ஏர் ஓட்டுவான், அம்மா நாற்று நடுவாள், பையன் மாடு மேய்ப்பான். தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் இந்தத் தண்டனை 1940-கள் வரை நடைமுறையில் இருந்தது. கர்நாடகத்திலிருந்து வந்து தஞ்சைச் சேரிகளிலேயே தங்கிச் சங்கம் கட்டிய பி. சீனிவாசராவும் அவருடன் நின்றவர்களும் அந்தத் தண்டனையைத்தான் முதலில் எதிர்த்தார்கள். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். கூலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், தங்கள் மேல் கை வைக்கக் கூடாது என்பதையே ஒப்பந்தம் போட்டு வாங்க வேண்டியிருந்தது.

கூலி நெல்லாகத்தான். அறுப்பு முடிந்து கட்டுகள் களத்துக்கு வந்து, அடித்து, தூற்றி, பொலி குவிந்ததும் நெல் அளக்கும் மரக்கால் இறங்கும். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை போகும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒவ்வொரு கலத்துக்கும் அறுத்தவர்களுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு. களத்து ஓரத்தில் பெண்கள் கூடையும் முறமுமாக நிற்பார்கள். மரக்காலில் நெல் குவிந்து நிற்கிறதா, தலை வழித்து எடுக்கிறார்களா என்பதிலேயே அவர்கள் கண் இருக்கும். பண்ணைக்குப் போகும்போது குவித்தும் கூலிக்கு வரும்போது வழித்தும் அளப்பதாகச் சொல்வது தஞ்சைக் கூலிக்காரர்களின் பழைய புகார். அளப்பவர் பண்ணைக் காரியஸ்தர். எண்ணுகிறவரும் அவரே. அவர் எண்ணிக்கையை மறுக்க வேறு கணக்கு யாரிடமும் இருக்காது.

1952-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது தஞ்சைக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விலக்கக் கூடாது, கூலி இவ்வளவு கொடுக்க வேண்டும் என்றது சட்டம். இதைத் தாண்டிப் போக மிராசுதார்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலியாக வைத்துக்கொண்டார்கள். பண்ணையாள் என்ற பெயர் போனதும் சட்டத்தின் பாதுகாப்பும் போயிற்று. அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்தவர்கள் அதே அடியில் வேலை உத்தரவாதத்திலிருந்தும் வெளியே தள்ளப்பட்டார்கள்.

இதோடு மனைப் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெண்மணியை விளக்குகிறவர்கள் பலர் கூலியைச் சொல்லிவிட்டு மனையை விட்டுவிடுகிறார்கள். சேரியில் குடிசை கட்டியிருந்த இடம் பெரும்பாலும் மிராசுதாருக்குச் சொந்தம். குடிசையின் மூங்கிலும் கீற்றும் தொழிலாளியுடையது, தரை பண்ணையுடையது. வேலை நிறுத்தம் செய்கிறவனைப் பார்த்து “மனையைக் காலி செய்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுற்றிலும் அதே பண்ணையின் வயல். நடந்து போகும் வரப்பு, ஆடு மாடு மேயும் தரிசு, காலைக்கடன் கழிக்கப் போகும் திடல் எல்லாம் அவர்களுடையது. கூலி கேட்டு நிற்பவர்கள் எதிராளியின் நிலத்தில் குடியிருந்துகொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

அரைப்படி

1960-களில் தஞ்சை டெல்டாவில் பணம் புரள ஆரம்பித்தது. தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. ரசாயன உரம், கூட்டுறவுக் கடன், பிறகு ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல். ஒரு போகம் விளைந்த இடத்தில் குறுவையும் அதன்பின் தாளடியும் என இரண்டு போகம் எடுக்க முடிந்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு வருமானம் ஏறியது. கூலிக்காரர்களுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. குறுவையை நேரத்துக்கு அறுத்தால்தான் அடுத்த நடவு நடக்கும், நெல் நனைவதற்குள் களம் சேர வேண்டும். அந்தச் சில நாட்களில் அரிவாள் பிடிக்கும் கைக்கு ஒரு பலம் இருந்தது. விளைச்சல் கூடியிருக்கிறது, எங்கள் பங்கும் கூட வேண்டும் என்று கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம் கேட்டது. சண்டை நடந்த அளவு சிறியது, அரைப்படி நெல். கீழத் தஞ்சைப் போராட்டத்தை இன்றும் ‘அரைப்படி நெல்லுக்கான போராட்டம்’ என்றே பழைய தோழர்கள் சொல்வார்கள்.

மிராசுதார்களிடம் அரைப்படி இல்லாமலா போயிற்று? கொடுத்தால் நெல் குறைந்துவிடும் என்பது அவர்கள் கவலையல்ல. கூலியை நிர்ணயிப்பது யார் என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. தலையைக் குனிந்து வாங்கிப் போனவர்கள் கூட்டமாக வந்து, எதிரே நின்று, எண்ணிக்கை சொல்கிறார்கள் என்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1966 வாக்கில் அவர்களும் ஒரு சங்கம் வைத்தார்கள். பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். நாகை வட்டாரத்தில் அதை நடத்தியவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. உழுது நட்டு அறுத்தவர்கள் அந்தப் பெயரில் எங்கும் இல்லை.

உள்ளூர்க்காரர்கள் கூலி உயர்வு கேட்டால் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பது என்று அந்தச் சங்கம் முடிவெடுத்தது. வருகிறவர்களும் ஏழைக் கூலிகள்தான், அவர்கள் ஊரிலும் அடுப்பு எரிய வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வயலில் இறங்கித் தடுத்தால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, உடனே போலீஸ் வரும். கிராமங்களில் போலீஸ் முகாம்கள் போடப்பட்டன. செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்று சேரி சேரியாக நெருக்கினார்கள். சேராதவர்களுக்கு வேலை இல்லை, அபராதம் போட்டார்கள். கீழவெண்மணிக்காரர்கள் கொடியை இறக்கவில்லை. ஊரை எரித்துவிடுவோம் என்று மிரட்டல் வருவதாகவும் பாதுகாப்பு வேண்டும் என்றும் அரசுக்கு முன்கூட்டியே எழுதியதாகச் சங்கத்தார் பின்னர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1967-இல் ஆட்சிக்கு வந்திருந்த தி.மு.க.வோடு தேர்தலில் உடன்பாடு வைத்திருந்த கட்சிதான் மார்க்சிஸ்ட் கட்சி. அப்படியிருந்தும் தாலுகா மட்டத்தில் காவல்துறையின் காது மிராசுதார் வீட்டுப் பக்கமே திரும்பியிருந்தது.

டிசம்பர் 25

1968, மார்கழி மாதம். சம்பா கதிர் முற்றிக்கொண்டிருந்த நேரம், அறுவடைக்கு இன்னும் சில வாரம். அன்று மாலை வெண்மணியில் டீக்கடை வைத்திருந்த சங்கத்து ஆள் ஒருவரை மிராசுதார் தரப்பினர் பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைத்தார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு போய் மீட்டார்கள். அந்த மோதலில் இருக்கை என்ற ஊரைச் சேர்ந்த பக்கிரிசாமிப் பிள்ளை, மிராசுதார் தரப்பு ஆள், கொல்லப்பட்டார்.

இரவில் மிராசுதார் தரப்பினர் சேரியைச் சூழ்ந்துகொண்டு வந்தார்கள். கையில் துப்பாக்கி, அரிவாள், தீப்பந்தம். சுட்டதில் பலர் காயம்பட்டார்கள். ஆண்கள் வயல் வழியாக இருட்டில் ஓடினார்கள். இதைக் கோழைத்தனம் என்று யாராவது நினைத்தால் அந்தக் காலத்து நடப்பு அவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அதுவரை நடந்த அடிதடிகளில் எல்லாம் இலக்கு சங்கத்து ஆண்கள்தான். பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் விட்டுவிடுவார்கள் என்று நம்புவதற்கு இடமிருந்தது. ஓட முடியாதவர்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு தொழிலாளியின் குடிசைக்குள் புகுந்தார்கள். நீளத்திலும் அகலத்திலும் பத்தடிகூடத் தேறாத குடிசை. கதவை வெளியே அடைத்துத் தீ வைத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு தாய், பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று குழந்தையை வெளியே வீச, வெளியே நின்றவர்கள் அதைத் திரும்ப நெருப்புக்குள் போட்டார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஊர் சொல்லி வருகிற வாக்குமூலம் அது. இந்த வாக்கியத்தை எழுதக் கை வருவதில்லை, ஆனாலும் எழுதாமல் விட எனக்கு உரிமை இல்லை.

செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. கட்டிப்பிடித்தபடி கரிக்கட்டையாகிப்போன உடல்களில் எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. போலீஸ் கணக்கில் 42, மறுநாள் பத்திரிகைகளிலும் 42. ஊர்க் கணக்கு 44. வெண்மணி நினைவிடத்தில் இருப்பது ஊர்க் கணக்குதான். அந்த இரண்டு பேரைக்கூட ஊரே எண்ணிச் சேர்க்க வேண்டியிருந்தது.

பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயரையும் கவனிக்க வேண்டும். கிசான்களுக்குள் மோதல், விவசாயிகள் தகராறு என்ற தோரணையில்தான் செய்தி வந்தது. நூற்றுக்கணக்கில் ஏக்கர் வைத்திருந்தவரும், குடிசைத் தரைகூடச் சொந்தமில்லாதவரும் ‘விவசாயி’ என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டார்கள். முதலமைச்சர் அண்ணாதுரை அப்போது கடும் நோயில் இருந்தார், அடுத்த பிப்ரவரியில் காலமானார். அமைச்சர்களை அனுப்பினார். மார்க்சிஸ்ட் இயக்கத்தின் மைதிலி சிவராமன் நேரில் போய், தப்பியவர்களிடம் பேசி, கீழத் தஞ்சையின் கூலிக் கணக்கையும் நிலக் கணக்கையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதினார். 1973 தீர்ப்பின் வாதத்தை வெளியுலகம் படிக்கக் கிடைத்ததில் அவர் எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நீதிமன்றத்தில்

அன்றைய சம்பவங்களுக்காக இரண்டு வழக்குகள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஒன்று, குடிசை எரிப்பு வழக்கு. கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட 23 பேர் மேல் குற்றச்சாட்டு. 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்து ஆண்டு சிறை விதித்தது, மற்றவர்களை விட்டுவிட்டது. 1973-இல் உயர் நீதிமன்றம் அந்த எட்டுப் பேரையும் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் வரை போயும் அந்த விடுதலை மாறவில்லை.

மற்றொன்று, பக்கிரிசாமிப் பிள்ளை கொலை வழக்கு. இதில் எதிரிகள் தொழிலாளர்கள். ஒருவருக்கு ஆயுள் தண்டனை, வேறு சிலருக்குச் சிறை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்பது நல்ல கொள்கை. பணக்காரருக்கும் அது பொருந்தும். இருட்டு, கூச்சல், துப்பாக்கிச் சத்தம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்த சாட்சிகள். யாரை எங்கே நின்று பார்த்தாய் என்ற குறுக்கு விசாரணையில் அவர்கள் தடுமாறியிருக்கலாம். எழுத்து வாசனை இல்லாத ஒரு கூலிப்பெண் கூண்டில் ஏறி வக்கீலின் கேள்விகளுக்கு மணிக்கணக்குப்படி பதில் சொல்வது எளிதல்ல. அந்தத் தடுமாற்றத்தை மட்டும் காரணம் காட்டி விடுவித்திருந்தால் வருத்தப்படலாம், புரிந்துகொள்ளவும் முடியும்.

ஆனால் தீர்ப்பு அங்கே நிற்கவில்லை. சந்தேகத்தின் பலனை எதிரிகளின் சொத்திலிருந்தும் எடுத்தது. இதில் மூன்று விஷயங்கள் எனக்குத் தாங்க முடியாதவை.

முதலாவது, பணக்காரர் நேரில் இறங்க மாட்டார், ஆட்களைத்தான் அனுப்புவார் என்று நீதிமன்றமே சொல்கிறதென்றால், அனுப்பியது யார் என்று கேட்க வேண்டுமல்லவா? ஏவியவரும் குற்றவாளி என்பது நம் தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது. தூண்டுதலுக்கும் கூட்டுச் சதிக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. நேரில் வந்ததாகப் போலீஸ் சொன்னது, அதை நீதிமன்றம் நம்பவில்லை. ஆள் அனுப்பியிருக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது, அதற்கு வழக்கே இல்லை. அந்த ஒரே வாதத்தில் தீ வைத்த கையும் தப்பியது, தீ வைக்கச் சொன்ன வாயும் தப்பியது. 44 சாவுக்குச் சட்டத்தின் கண்ணில் ஒரு குற்றவாளிகூட மிஞ்சவில்லை.

இரண்டாவது, அந்த வாதம் ஏழையைப் பற்றிச் சொல்லும் சேதி. பசியோடிருப்பவன் எதற்கும் துணிவான், வசதியோடிருப்பவன் நிதானமாக இருப்பான் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அந்த அளவுகோல் கையில் இருந்தால், மிராசுதார் கூண்டில் ஏறும்போதே பாதி நிரபராதி, தொழிலாளி ஏறும்போதே பாதி குற்றவாளி. கூலி கேட்டு நின்ற கீழத் தஞ்சைக்காரர்கள் பசியில் வெறிபிடித்தவர்களல்ல. ஒப்பந்தம் போட்டார்கள், மனு எழுதினார்கள், பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடியவர்கள் எதிர்த்தரப்பு என்பதற்கு 1952-க்குப் பின் நடந்ததே அத்தாட்சி.

மூன்றாவது, அன்றைய நடப்போடு அந்த வாதம் ஒத்துப்போகவில்லை. சவுக்கையும் சாணிப்பாலையும் கொண்டு ஆண்டவர்கள் மறைவாக இருந்துகொண்டு ஆளவில்லை. ஊர் பார்க்க, களத்தில் நின்றுதான் அடித்தார்கள். அடிப்பது யார் என்று தெரிய வேண்டும், அந்தப் பயத்தில்தான் பண்ணை நடந்தது. மிராசுதார் தெருவுக்கு வந்து நிற்பதைச் சேரிக்காரர்கள் எத்தனையோ முறை பார்த்திருந்தார்கள். அவர்கள் அனுபவித்து அறிந்ததைச் சென்னையில் உட்கார்ந்திருந்த நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. களத்தில் குவித்தும் வழித்தும் அளந்த அதே மரக்கால்தான் நீதிமன்றத்திலும் இறங்கியது. மிராசுதாருக்குச் சாதகமான சந்தேகத்தைக் குவித்து அளந்தார்கள், தொழிலாளியின் சாட்சியத்தைத் தலை வழித்து அளந்தார்கள்.

1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். பழி தீர்ந்தது என்று கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. பட்டப்பகலில், சாட்சி சொன்ன பெண்களின் முன்னால், தண்டனை என்று ஒரு நீதிபதி வாசிக்க வேண்டிய ஒன்று அது. பழிக்கு நடந்த கொலை அதற்கு ஈடாகாது. வழக்கு திறந்தபடியே நிற்கிறது.

சாதியா, கூலியா

வெண்மணி என்றதும் இந்தக் கேள்வி வந்துவிடும். கூலிப் போராட்டத்துக்கு விழுந்த அடி என்று இடதுசாரிகள் நெடுநாள் சொன்னார்கள். எரிந்தவர்கள் அத்தனை பேரும் தலித்துகளாக இருப்பது எப்படித் தற்செயலாகும் என்று தலித் எழுத்தாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி சரியானது, அதைக் கேட்க வைத்தது இடதுசாரிகளின் தவறு. டெல்டாவில் நிலத்தின் எல்லையும் சாதியின் எல்லையும் ஒரே வரப்பில் ஓடின. சாணிப்பால் எந்தக் கூலிக்காரனுக்கும் கொடுக்கிற தண்டனையல்ல, தீண்டத்தகாதவன் என்று வைக்கப்பட்டவனுக்கு மட்டும் கொடுத்தது. அதே சமயம் மிராசுதார்கள் எல்லாரும் ஒரே சாதியல்ல. நாயுடுவும் பிராமணரும் வேளாளரும் பிறரும் நெல் உற்பத்தியாளர் என்ற ஒரே பெயரில் கூட முடிந்தது நிலம் என்ற ஒற்றைக் காரணத்தால். அரைப்படி கேட்டதற்காகத் தாக்கினார்கள், கேட்டவர்கள் தலித்துகள் என்பதால் குழந்தைகளோடு சேர்த்து எரிக்கத் துணிந்தார்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொன்னால் பாதி வழக்குதான் கையில் இருக்கும்.

பிறகு வந்தவை

வெண்மணிக்குப் பிறகு அரசு நகர்ந்தது. கீழத் தஞ்சை விவசாயக் கூலிப் பிரச்சினையை ஆராய கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970-இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. உச்சவரம்பில் பினாமி, அறக்கட்டளை என்று ஓட்டைகள் ஏராளம், பிரித்துக் கொடுத்ததைவிட ஒளித்து வைத்ததே அதிகம்.

1971-இன் குடியிருப்புச் சட்டம்தான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது. விவசாயத் தொழிலாளி குடிசை போட்டிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்றது. இதைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. ஆனால் “மனையைக் காலி செய்” என்ற வார்த்தையைப் பண்ணையின் வாயிலிருந்து பிடுங்கியது அந்தச் சட்டம். எதிராளியின் தரையில் நின்று கூலி கேட்ட நிலை அதோடு மாறியது. பட்டா கைக்கு வர வருடக் கணக்கானாலும், இது என் இடம் என்று சொல்ல ஒரு காகிதம் உண்டு என்ற நினைப்பே சேரியில் நடக்கும் நடையை மாற்றியது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நிலத்தைக் கைக்குக் கொண்டுவந்தவர்கள் காந்திய வழியில் நடந்த சர்வோதயத்துக்காரர்கள், ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். தீ நடந்த சில நாளில் வெண்மணிக்கு வந்தவர்கள், அந்தச் சீமையை விட்டுப் போகவில்லை. வெண்மணியின் 74 குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் என 74 ஏக்கர் வாங்கிக் கொடுத்தார்கள். 1981-இல் லாஃப்டி என்ற உழவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, நிலம் விற்க விரும்பியவர்களையும் வங்கியையும் கூலிக் குடும்பங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கைமாற்றினார்கள். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தது அவர்கள் செய்த முக்கியமான காரியம். வன்முறையில்லாத வழியில் நிலம் கிடைத்தது என்று இதைப் புகழ்கிறவர்கள், செங்கொடி இறங்காமல் நின்றதால்தான் நிலத்தை விற்றுவிட்டுப் போகலாம் என்று மிராசுதார்களுக்குத் தோன்றியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று அந்தக் களங்கள் இல்லை. அறுவடை மெஷின் வயலிலேயே அறுத்து நெல்லைக் கொட்டிவிடுகிறது. அரிவாளுக்கு இருந்த அந்தச் சில நாள் பலமும் அதோடு போயிற்று. பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள், பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். நிலம் வாங்க முடியாதவர்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார்கள். கோயில் நிலமோ, ஊரை விட்டுப்போன குடும்பத்தின் நிலமோ, பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. எழுதிக் கேட்டால் நிலத்தையே திரும்பக் கேட்பார்கள் என்ற பயத்தில் பலர் கேட்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. இப்படிப் புயலோ வெள்ளமோ வந்து பயிர் போகும் ஒவ்வொரு முறையும் நிவாரணக் கணக்கில் நிற்பது அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் பெயர் உள்ளவர். விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் கடன் வாங்கிப் போட்டவர் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) அலுவலக வாசலில் நின்று, பயிர் வைத்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கேயும் அவர் சொல்லுக்கு மேலாக நிற்பது நிலம் யாருடையது என்ற காகிதம். பயிர் வைத்தவர் பெயர் அடங்கலில் ஏற வேண்டும், அதைக் கேட்டதற்காக அவருடைய குத்தகை போகக் கூடாது. கீழத் தஞ்சையில் இப்போது கேட்க வேண்டிய அரைப்படி அதுதான்.